பதினோரு கைநாட்டும் ஒரு பி.ஏ.வும்

— கைநாட்டு வச்சவங்களை வாசகர்னு எப்படிங்க அம்மிணி எழுதறது?

— பேனாவால எழுதுங்க, காளியண்ணன் சார்.

— பேச்சுக்குக் கொறச்சலே இல்லைங்க உங்களுக்கு. இந்தப் பாரத்தை நீங்களே பாருங்க. பன்னண்டு பேரு. அதுல கையெழுத்துன்னு இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அதுவும் உங்களுது. 'அந்தோணிமேரி, பி.ஏ.' பேரை விட பி.ஏ. பெருசா இருக்குது.

— இன்னும் பெருசா எழுதியிருப்பேன். கட்டத்துல இடம் பத்தலை.

— மிச்சம் பதினோரு கட்டத்துலயும் கட்டைவிரல். வாசகர் குழு ஆரம்பிக்கற பாரம் மாதிரியா இருக்குது? போலீசு ஸ்டேசன்ல இருந்து வந்த காயிதம் மாதிரி இருக்குதுங்க. இதை நான் சேலத்துக்கு அனுப்பினா, அங்க இருக்கற அதிகாரி என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாரு, காளியண்ணா, நீ நூலகம் நடத்தறயா, ரிஜிஸ்தர் ஆபீசு நடத்தறயான்னு.

— பன்னண்டு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தா, மாசம் இருபத்தஞ்சு புத்தகம் பெட்டியில போட்டு அவங்க இருக்கற இடத்துக்கே அனுப்புவோம்னு அந்தப் பலகையில ஒட்டியிருக்கு. ஒட்டினது யாரு?

— நான்தானுங்க.

— இன்னிக்குத்தான் கடைசி நாள்னு சிவப்பு மையில அடிக்கோடு போட்டது யாரு?

— அதுவும் நான்தானுங்க. ஆனா அதுல நாலாவது வரியைப் படிச்சீங்களா? 'உறுப்பினர் அனைவரும் படித்து அறியக்கூடியவராக இருத்தல் வேண்டும்.'

— படிக்கறது நான். அறியறது அவங்க.

— வக்கீலுக்குப் போயிருக்கலாம் நீங்க.

— பி.ஏ.வுக்கே எங்கம்மா கை ரெண்டும் வெடிச்சுப் போச்சு. வக்கீலுக்குப் போயிருந்தா கையே இருந்திருக்காது.

— வேளாங்கண்ணியம்மா ஜவ்வரிசி ஆக்கற சேகோ பேக்டரியில குச்சிக்கிழங்குத் தோல் சீவி மகளைப் படிக்க வச்சது ஊருக்கே தெரியுமுங்க. படிச்ச மகளும் அதே கொட்டகையில கத்தியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதும் ஊருக்குத் தெரியும். எனக்கே மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது.

— உங்க மனசை நீங்களே வச்சுக்குங்க. வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். வர்ற வரைக்கும் சும்மா உக்காந்து தின்ன எனக்குத் தெரியாது. காலையில எல்லாரையும் போலச் சீவறேன். மதியத்துக்கு மேல படிக்கிறேன். அந்தப் பதினோரு பேரும் ஆளுக்கு நாலு கிழங்கு கூடச் சீவி என் கூடையை நிரப்பிடுவாங்க. மேஸ்திரி எட்டிப் பார்த்தா கூடை நிறைஞ்சிருக்கும், கதையும் நிக்காது. ஒரு புத்தகத்துக்காகத் தினம் நாலு கிழங்கு கூடச் சீவற வாசகர் உங்க ரிஜிஸ்தர்ல எத்தனை பேரு?

— இருக்கறவங்க வாங்கிட்டுப் போன புத்தகத்தைத் திருப்பிக் குடுத்தாலே எனக்குப் பெரிசுங்க.

— அதைத்தான் சொல்றேன்.

— சரி, அவங்களுக்கு என்னதான் புடிக்குது? நீங்களா எடுத்துட்டுப் போறதா, அவங்க கேக்கறதா?

— கேப்பாங்க. ஆத்தாயிக்கு மர்மக் கதை வேணும். பாதியிலயே திருடனைக் கண்டுபிடிச்சுடுவா, அப்புறம் வாயை மூடிட்டு இருக்கச் சொல்லி மத்தவங்க அவ மேல தோலை எறிவாங்க. மயிலம்மாளுக்கு அழணும். அழாட்டி அன்னிக்குக் கதையே படிக்கலைன்னு சொல்லிடுவா. ராசம்மாள் ராஜா கதை வேண்டாம்னுட்டா.

— ராஜா கதை நல்லா இருக்குமேங்க. குதிரை, கோட்டை, சபதம்.

— ராஜா கதையில ஒருத்தரும் வேலையே செய்யறதில்லையாம். சோறு யாரு ஆக்கினாங்கன்னு கேட்டா. பி.ஏ.வுல அதைச் சொல்லிக் கொடுக்கலை.

— இப்ப என்ன படிச்சுக்கிட்டு இருக்கீங்க?

— 'ஆறாம் நம்பர் லாரி.' அதுக்கு முந்தி 'வடக்கு வீட்டு மருமகள்.' மயிலம்மாளோட தங்கச்சி கெங்கவல்லியில இருக்கா. இவ போய்க் கதையைச் சொல்லிட்டு வந்துட்டா. இப்ப அங்க நெல்லுக் குத்தற இடத்துல எல்லாம் அடுத்து என்ன படிக்கறீங்கன்னு கேட்டு ஆள் விடறாங்க. உங்க நூலகத்துக்கு கெங்கவல்லியில கிளை திறந்தது நாங்க. பெட்டி வந்தா இன்னும் நாலு ஊர்ல திறப்போம்.

— 'வடக்கு வீட்டு மருமகள்'னதும் ஞாபகம் வருது. நேத்து நீங்க திருப்பிக் குடுத்தீங்களே. இருங்க, எடுத்துட்டு வாரேன். இந்தாங்க. இதையும் பாத்துச் சொல்லுங்க. ஒவ்வொரு பக்கத்து மூலையிலயும் வெள்ளையா ஒரு கட்டைவிரல்.

— கிழங்கு மாவு. துடைச்சுட்டுத்தான் தொடறேன். போகமாட்டேங்குது.

— அதை நான் குத்தமாச் சொல்லலைங்க. வெத்தலைச் சாறு பட்ட புத்தகத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனா கடைசிப் பக்கங்களைப் பாருங்க. ஏழெட்டுப் பக்கம். சலவைக்குப் போட்டு எடுத்தாப்ல இருக்குது. ஒரு பொட்டு மாவு இல்லை. இது மட்டுமில்லீங்க, நீங்க எடுத்துட்டுப் போன முக்கால்வாசியில இப்படித்தான். எனக்கு என்ன தோணுது? புத்தகத்தை முடிக்காமலே திருப்பித் தர்றீங்க.

— முடிவு தெரியாம அந்தக் கொட்டகையில இருந்து ஒருத்தியும் வீட்டுக்குப் போகமாட்டா.

— அப்ப மாவு எங்கீங்க?

— முடிவு வரும்போது கையைக் கழுவிட்டு வந்து படிப்பேன்.

— எதுக்குங்க?

— மரியாதைக்கு.

— மரியாதையா? நீங்களா?

— சார், ரெண்டு மணி பஸ்ஸுல தபால் போகணும். மழுப்பாதீங்க. கையெழுத்துப் போட முடியுமா, முடியாதா?

— கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு செய்யறேன். அவங்கள்ல ஒருத்தரை வரச் சொல்லுங்க. பாரத்துல இருக்கற கேள்வியைத்தான் கேப்பேன். கடைசியாப் படிச்ச நூல் என்ன, அடுத்தவங்களுக்கு எதைப் படிக்கச் சொல்லுவீங்க, எதுக்கு. ஒரு வாசகர் மாதிரி பதில் வந்தா நாலாவது வரியை நான் பாத்துக்கறேன்.

— வெளியிலதான் நிக்கறாங்க. பாரத்தைக் கொண்டுவர என்கூட வந்தவங்க. சின்னாயக்கா, உள்ள வாங்க.

— இருக்கட்டுங் கண்ணு. காலெல்லாம் கெழங்குப் பாலு. சாரு இப்பத்தான் கூட்டி உட்டாப்பல இருக்குது.

— வாங்க சின்னாயி. பெஞ்சுல உக்காருங்க.

— நிக்கறனுங்க சாமி. பொளுதுக்கும் உக்காந்துதானுங்களே சீவறோம்.

— கேள்வி கேக்கப் போறேன். தப்பா நெனச்சுக்காதீங்க.

— கேளுங்க. மேஸ்திரி கேக்காததையா நீங்க கேட்டுப்போடுவீங்க.

— கடைசியா என்ன புத்தகம் படிச்சீங்க?

— வடக்கூட்டு மருமகளுங்க.

— வடக்கு வீட்டு மருமகள்.

— அதைத்தானுங்களே சொன்னேன். வடக்கூடு.

— சரிங்க, வடக்கூடு. அதை வேற யாருக்காவது படிக்கச் சொல்லுவீங்களா?

— சொல்லிப்போட்டனுங்களே. எங்க நாத்தனா எருமப்பட்டிச் சந்தையில வெங்காயம் விக்கறா. அவகிட்டச் சொன்னேன், நல்ல புருசன் இருந்தா அவனையே படிக்கச் சொல்லிக் கேளு, சந்தேகக்காரனா இருந்தா ஒளிச்சு வச்சுக்கிட்டுக் கேளுன்னு.

— எதுக்காகப் படிக்கணும்? இங்க காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க.

— காரணமுங்களா? அதுல தையல்நாயகின்னு ஒரு புள்ள வருதுங்களே, மூத்த மருமக. அவ விடியால எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செய்யறாள்னு அந்த மகராசன் எளுதியிருக்காரு பாருங்க. வாசக் கூட்டறா, தண்ணி சேந்தறா, மாட்டுக்கு வெக்கறா, அரைக்கறா, வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கெல்லாம் சோறு போட்டுப்போட்டுக் கடைசில நின்னமானிக்கே சட்டியைச் சொரண்டித் திங்கறா. அவ உக்காந்தான்னு ஒரு எடத்துலயும் இல்லீங்க. ஆத்தாயிதான் மொத மொத கேட்டா, ஏன்டி, இவ எப்பத்தான் உக்காருவான்னு. அதுல இருந்து நாங்க பாத்துக்கிட்டே இருந்தோம். மேரி படிக்கப் படிக்க, இன்னும் உக்காரல, இன்னும் உக்காரலன்னு மயிலம்மா சொல்லிக்கிட்டே வந்தா. மொட்டைக் கடுதாசி வந்து புருசங்காரன் சந்தேகப்பட்டு, உக்காருடி, கேக்கறதுக்குப் பதில் சொல்லுடிங்கறானுங்களே, அப்பத்தானுங்க அவ மொத மொத உக்காருறா. கொட்டாயில ஒருத்தி கத்தியும் ஓடலீங்க அப்ப.

— நான் இந்தப் புத்தகத்தை மூணு தரம் படிச்சிருக்கேன்.

— படிச்சிருப்பீங்க.

— இதை நான் கவனிக்கவே இல்லைங்களே.

— நீங்க உக்காந்துக்கிட்டே படிச்சிருப்பீங்க சாமி.

— சார், போதுமா? இப்பச் சொல்லுங்க, இது வாசகர் பதிலா இல்லையா? எங்க காலேஜ்ல நாவலைப் பத்திப் பேச வெளியூர்ல இருந்து ஆளைக் கூப்பிடுவாங்க. மாலை போடுவாங்க, சோடா வாங்கிக் கொடுப்பாங்க. அவர் ஒரு மணி நேரம் பேசினதுல இப்படி ஒரு வரி இல்லை.

— ஒத்துக்கறேன் அம்மிணி. ஒத்துக்கறேன். நாலாவது வரியை எழுதினவங்க சின்னாயியைப் பாத்ததில்லை. அந்தப் பேனாவை இப்படித் தள்ளுங்க.

— இந்தாங்க. கீழ, 'நூலகர் சான்று'ன்னு இருக்கற இடத்துல.

— போடறேன். மனசு நெறஞ்சு போச்சுங்க. எத்தனை வருசமா இந்த அலமாரியைத் தொடைச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு புத்தகத்தைப் பத்தி ஒருத்தர் நின்னு பேசினதில்லை. ஏனுங்க சின்னாயி, அந்த முடிவு. நான் மூணு தரமும் அழுதேனுங்க. கொட்டகையில எல்லாரும் அழுதுட்டீங்களா?

— சார், பஸ் வந்துடும்.

— இருங்க அம்மிணி. மயிலம்மாள் ரொம்ப அழுதிருக்குமே?

— அளுவறதா? சிரிச்சமுங்க. ராசம்மாளுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொறையேறிப் போச்சு.

— சிரிச்சீங்களா?

— சார், கையெழுத்தைப் போடுங்க முதல்ல.

— அந்த முடிவுக்கு எப்படிங்க சிரிப்பு வரும்?

— வராதுங்களா பின்ன? அத்தனை பெரிய அம்மிக் கொளவியைத் தூக்கிக் கெணத்துல போட்டுப்போட்டாளே. தொபுக்கடீர்னு சத்தம். மாமியா எந்திரிச்சு ஓடியாறா, கொளுந்தன் ஓடியாறான், மருமக உளுந்துட்டா, உளுந்துட்டான்னு ஊரே கெணத்துக்குள்ள எட்டிப் பாக்குது. புருசங்காரன் நாயகி, நாயகின்னு தண்ணியைப் பாத்துக் கூப்புடறான். இவ என்னடான்னா அக்கட்டால கொல்லைப் படலைத் தெறந்துக்கிட்டுப் போயி, மொத பஸ்ஸுல ஏறி, சன்னலோரமா உக்காந்துக்கறா. அங்கதானுங்க அவ ரெண்டாவது தரம் உக்காருறா. நான் சொன்ன காரணத்துக்கு அதுதானுங்க முடிவு.

— இல்லீங்களே.

— என்னங்க இல்ல?

— புத்தகத்துல அப்படி இல்லீங்களே. தையல்நாயகிதான் கிணத்துல விழுந்துடறா. கொளவியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அவ போனதுக்கப்புறம் அவ நல்லவள்னு தெரிஞ்சு, புருசன் கிணத்து மேட்டுல முல்லைச் செடி நட்டுத் தெனமும் தண்ணி ஊத்தறான். இருநூத்திப் பன்னண்டாம் பக்கம். இந்தாங்க, இங்கயே இருக்குது. மாவு படாத பக்கம். அம்மிணி?

— என்ன?

— இது என்னங்க?

— இருக்கறது இருக்கு.

— அப்ப இவங்க சொல்ற கொளவி எங்கிருந்து வந்துச்சு?

— என்கிட்ட இருந்து. நான்தான் மாத்தினேன்.

— மாத்தினீங்களா?

— வீட்டுல முதல்ல நான் மட்டும் முழுசாப் படிச்சுடுவேன். கொட்டகையில முடிவு வர்றப்போ எனக்குத் தோணினதைப் படிக்கற மாதிரி சொல்லுவேன்.

— இது ஒண்ணுலயா?

— பொண்ணு சாகற எல்லாத்துலயும்.

— அப்படின்னா அந்த அலமாரியில முக்கால்வாசிங்க.

— அதை அலமாரிகிட்டக் கேளுங்க. முக்கால்வாசிப் பொண்ணுங்களைக் கொன்னது நான் இல்லை.

— எதுக்குங்க இப்படிப் பண்ணினீங்க? எழுதினவரு எத்தனை நாள் யோசிச்சு எழுதியிருப்பாரு.

— எங்க வீட்டுல சாயந்தர ஜெபம் முடிஞ்சதும் வேதசாட்சிகள் சரித்திரம் படிக்கணும். நாலாங் கிளாஸ்ல இருந்து நான்தான் சத்தமா வாசிப்பேன், வேற யாருக்கும் எழுத்துத் தெரியாது. ஒருத்தியை நெருப்புல போடுவாங்க, ஒருத்தியைச் சிங்கத்துக்குப் போடுவாங்க. சரி, அவங்க விசுவாசத்துக்குச் செத்தாங்க, மோட்சத்துக்குப் போனாங்க. இந்த நாவல்ல இருக்கறவங்க எதுக்குச் சாகறாங்க? ஒரு கடுதாசிக்கு. ஒரு சந்தேகத்துக்கு. செத்ததுக்கு ஒரு முல்லைச் செடி. அதைப் படிச்சுக் காட்டிட்டு, கையில கத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கற பதினோரு பேர் மூஞ்சியை நான் எப்படிப் பாக்கறது? ராசம்மாளோட அக்கா கிணத்துலதான் போனா. அது உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாதுங்க.

— எனக்குத் தெரியும். அதனால கொளவியைப் போட்டேன். தப்புன்னா தப்புதான்.

— உங்க கோவம் எனக்குப் புரியாம இல்லீங்க. ஆனா நான் ஒண்ணு சொன்னா நீங்க மறுத்துப் பேசக்கூடாது. நல்லதுக்குச் செஞ்சீங்க, சரி. நாளைக்கு இன்னொருத்தன் கெட்டதுக்குச் செய்வான். நெலப் பத்திரத்தை மாத்திப் படிச்சுக் காட்டுவான், கட்டைவிரலை வாங்கிக்குவான். எழுத்துத் தெரியாதவங்களை எதிர்ல உக்காந்திருக்கறவங்க என்ன வேணாலும் சொல்லி நம்ப வச்சுடலாம். அந்த நாலாவது வரி என்னத்துக்குன்னு எனக்கு இத்தனை நாளாப் புரியலை. இப்பப் புரியுது. நீங்கதானுங்க புரிய வச்சீங்க.

— சரி.

— சரிங்கறீங்க?

— நீங்க சொல்றது சரியா இருக்கு. வேற என்ன சொல்றது. பாரத்தைக் கொடுங்க, எடுத்துட்டுப் போறேன். இதையும் நான்தான் அவங்களுக்குப் படிச்சுக் காட்டிக் கட்டைவிரல் வாங்கினேன்.

— கோவமாப் போகாதீங்க அம்மிணி.

— கோவம் இல்லை. வெக்கமா இருக்கு. சின்னாயக்கா, என்னை மன்னிச்சுக்குங்க. நான் பி.ஏ.ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு, என்னை நம்பின உங்க பதினோரு பேரையும் ஏமாத்தியிருக்கேன். எங்கம்மாவையும் சேர்த்து. இதை நான் பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொன்னதில்லை. வாங்க, போலாம்.

— சித்த இரு கண்ணு. என்னத்துக்கு இப்பிடிப் பறக்கறே. ஏனுங்க சாமி, அந்தப் பாரத்துல புஸ்தகம் எளுதுனவங்க பேருன்னு ஒரு கட்டம் இருக்குதாமே. அன்னிக்கு மேரி படிச்சுக் காட்டுனா.

— இருக்குதுங்க. நூலாசிரியர் பெயர்.

— நான் சொன்ன வடக்கூட்டு மருமகளுக்கு நேரா இந்தப் புள்ள பேரை எளுதுங்க. பி.ஏ.வையும் போட்டு எளுதுங்க. பெருசா.

— எப்படிங்க எழுதறது? அட்டையில வேற பேரு இருக்குது.

— அட்டையில இருக்கறவரு கெணத்துல தள்ளுனவரு. நான் நாத்தனாகிட்டச் சொன்னது அவரு கதையை இல்லீங்க.

— சின்னாயி, உங்க நல்ல மனசு எனக்குத் தெரியுதுங்க. இந்தப் பொண்ணைக் காப்பாத்தப் பாக்கறீங்க. ஆனா இவங்க மாத்தினதே உங்களுக்கு இப்பத்தானே தெரியும்? ஏமாந்துட்டு, ஏமாத்தினவங்களுக்கே பட்டம் கட்டினா எப்படி? ஏமாறலைன்னு மட்டும் எனக்குக் காட்டுங்க. இந்த நிமிசம் கையெழுத்துப் போட்டு, நானே ஓடிப் போயி ரெண்டு மணி பஸ்ஸுல குடுத்துட்டு வாரேன்.

— அப்பப் பேனாவுல மையைத் தொட்டுக்குங்க சாமி. முடிவு வாரப்ப இந்தப் புள்ள பக்கமே திருப்பறதில்லீங்க. மொதப் புஸ்தகத்துலயே பதினோரு பேரும் அதைப் பாத்துப்போட்டோம், பாத்ததுக்கு அப்பறந்தான் அந்த நாலு கெழங்கை எச்சாச் சீவ ஆரம்பிச்சோம்.